முன் கண்ணாடி நீலாம்பாள்

நன்னிலம் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் நீலாம்பாளுக்கு ரயில் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். ஐம்பது வயதுக்காரி, சேற்றுக்காலைக் குழாயடியில் கழுவிக்கொண்டு என் தையல் கடைக்குள் வந்து, மூலை ஸ்டூலில் உட்கார்ந்து, போனில் சிங்கப்பூர் ரயில் ஓடுவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் வேறென்ன சொல்லும்? என் கடையில் வைஃபை உண்டு, அவளுக்கு அது போதும். டீ வாங்கிக் கொடுத்தால் ஏடு படிந்து கிடக்கும். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இன்னைக்கு எந்த ஸ்டேஷன் வரைக்கும் போனீங்க?" என்று வம்பிழுப்பார்கள். எனக்குச் சுர்ரென்று வரும். "உன் ஜாக்கெட்டைப் பத்தி மட்டும் பேசு" என்பேன்.

அந்த ரயில் ஒவ்வொரு பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதும் அவள் படத்தை நிறுத்துவாள். அங்கே நிற்கிற முகங்களை விரலால் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அவள் மகள் கனிமொழி அந்த ஊரில்தான் எங்கோ இருந்தாள். பங்குனியிலிருந்து அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஏன் இல்லை என்பதும் தெரியவில்லை. நீலா தேடிக்கொண்டிருந்தது அவளைத்தான்.

அதற்காகப் பைத்தியம் பொய் என்று சொல்ல மாட்டேன். அது மகள் தொலைவதற்கு முன்பே பிடித்த பைத்தியம்.

நானும் அவளும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவள் அப்பா காத்தான், ஒரு பண்ணையார் வீட்டில் ஆளாக இருந்தவர். ஒன்பதாம் வகுப்புக்கு அவள் வரவில்லை, நடவுக்குப் போய்விட்டாள். பிறகு கல்யாணம், ஒரு பெண் குழந்தை. கனி தவழ்கிற வயதிலேயே புருஷன் போய்ச் சேர்ந்தான். குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் எடுத்துப் பயிர் வைத்தாள், மற்ற நாட்களில் கூலிக்கு நட்டாள், களை எடுத்தாள். அந்தப் பெண்ணை என்ஜினீயரிங் வரை படிக்க வைத்தாள். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை அவள்.

ஒருமுறை மகளிர் குழுவில் எங்களைச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனார்கள். ரோலர் கோஸ்டரைப் பார்த்ததுமே நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீலா ஏறினாள். இறங்கி வந்தவள் மறுபடி வரிசையில் போய் நின்றாள். மறுபடியும் ஏறினாள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. சாயங்காலம் பஸ்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகு நான்தான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"அப்படி என்னடி இருக்கு அந்த ராட்டினத்துல?"

"நாத்து நடறவ பின்னாலயேதான் நடக்கணும் கமரு. குனிஞ்ச தலை நிமிராம, பின்னால, பின்னால. நான் முன்னால போறது இதுதான் மொத தடவை. அதுவும் உக்காந்துகிட்டு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

கனிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் அம்மாவை ஒரு மாதம் அழைத்து வைத்துக்கொண்டாள். அங்கேதான் டிரைவர் இல்லாத ரயில். மேம்பாலத்தின் மேல் சின்னதாக ஓடுமாம். டிரைவர் உட்கார வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடிதானாம், அங்கே நின்றால் தண்டவாளம் நேரே நம்மை நோக்கி வருமாம். அம்மாவும் மகளும் கடைசி ஸ்டேஷன் வரை போவார்கள், இறங்காமல் அப்படியே திரும்பி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பெரிய ராட்டினம். தாயும் பிள்ளையுமாகத் தலைகீழாகத் தொங்கிவிட்டு வந்து சோறு தின்பார்கள்.

ஊர் திரும்பியதும் எங்கள் காது புளித்துப்போகும்வரை அதே பேச்சு. நடவு வயலில்கூட அதுதான். "நடவுக்குத்தான் ஆள் கெடைக்கலைன்னு பாத்தா, ரயிலுக்குமா ஆள் இல்ல?" என்று நிலத்துக்காரர் கேலி செய்தார். அவரிடம் நீலா சொன்ன பதில் தெரு முழுக்கப் பரவியது. "எங்கப்பா உங்க வீட்டு ஆளு. எங்க தாத்தா உங்க வீட்டு ஆளு. அந்த ரயிலு யாருக்கும் ஆள் இல்லாம அது பாட்டுக்கு ஓடுதுங்க. அதான் எனக்குப் புடிச்சிருக்கு." அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இந்த ரயில்களின் முன் கண்ணாடியிலும் ராட்டினங்களின் முன் சீட்டிலும் கேமரா வைத்துப் படம் எடுத்துச் சேனலில் போடுகிறார். கனிதான் அதை அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தாள். கடலுக்கு இந்தப்பக்கம் அம்மாவும் அந்தப்பக்கம் மகளும் ஒரே படத்தைப் பார்ப்பார்கள். படத்துக்குக் கீழே கனி ஏதாவது எழுதுவாள், நீலா ஒரு பூ போடுவாள். துபாய், கோலாலம்பூர் என்று உலகத்தில் எங்கெல்லாம் டிரைவர் இல்லாமல் ரயில் ஓடுகிறதோ அங்கெல்லாம் போவதாக இருவரும் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஆசைக்கு என்ன, கேட்க ஆளா இருக்கிறது?

மாசி கடைசியில் கனி போனில் ஒரு சேதி சொன்னாள். வேலை செய்கிற இடத்தில் ஒரு பையன். தென்காசிப் பக்கம், வேறு ஜாதி. அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். நீலாவுக்கு அந்தப் பையன் மேல் ஒன்றும் இல்லை. பயம்தான். நம் பக்கத்தில் இப்படிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"அவசரப்படாத கனி. நாலு பேரைக் கலந்துட்டுச் சொல்றேன்."

"நாலு பேரை ஏம்மா கேக்கணும்? நீ சொல்லு."

"எனக்கு யோசிக்கணும்டி."

கனி கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். தாய்க்கும் மகளுக்கும் இதெல்லாம் சகஜம், ரெண்டு நாளில் சரியாகியிருக்கும். அந்த வாரமே நீலாவுக்கு அம்மை போட்டுவிட்டது.

அம்மை வந்த வீடு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. வெளியாள் நுழையக்கூடாது, நானும் தெருமுனையில் நின்றே இளநீரைக் கொடுத்து அனுப்பினேன். அவள் நாத்தனார் அம்சம்தான் கூட இருந்து பார்த்தாள். போனின் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று அதை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கொப்புளமெல்லாம் வாடி, அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீரும் ஊற்றி முடித்த மறுநாள்தான் நீலா போனைக் கையில் எடுத்தாள். கனி பலமுறை கூப்பிட்டிருந்தாள். இவளுக்குப் பேசத் தெம்பில்லை. குரலைப் பதிவு செய்து ஒரு சேதி அனுப்பினாள். கனி அதைக் கேட்டதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது.

அதோடு சரி. பதில் இல்லை. ரயில் படங்களுக்குக் கீழே கனி எழுதுவதும் நின்றுபோனது. சித்திரையில் அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது. கம்பெனி கொடுத்த நம்பர் அது. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டபோது கனிமொழி வேலையை விட்டுப் போய்விட்டாள், வேறு விவரம் தர முடியாது என்றார்கள். அங்கே கப்பல் பட்டறையில் இருக்கிற மன்னார்குடிக்காரர் ஒருவர் விசாரித்துவிட்டு, "கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்றாங்கம்மா, எங்க இருக்காங்கன்னு தெரியலை" என்றார். அன்றைக்கு நீலா என் கடையில் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "பண்ணிக்கட்டுமேடி. நான் வேணாம்னா சொன்னேன்? யோசிக்கணும்னுதானே சொன்னேன்?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஆரம்பித்ததுதான் இந்தப் பிளாட்பாரத் தேடல். ஆடி போய் ஆவணி போய், ஐப்பசி அடைமழையும் பிடித்துக்கொண்டது. அவள் இளைத்து, ஜாக்கெட்டை நானே இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். சம்பா வயலில் தண்ணீர் நின்றது. வடிகால் வெட்டிவிடக்கூட அவள் போகவில்லை. பயிரைப் பார்க்காத விவசாயி உருப்படுவாளா என்று திட்டினேன். திட்டி என்ன செய்ய? பெற்ற வயிறு.

மழையில் யாரும் வராத ஒரு மத்தியானம், நனைந்த சேலையோடு வந்தாள். பேச்சே ஒரு மாதிரி இருந்தது.

"வரப்புல நின்னு வாய்க்காலையே பாத்துகிட்டு இருந்தேன் கமரு. எறங்கிடலாம்னு இருந்துச்சு."

கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன். என்ன பேசுவதென்று தெரியாமல் திட்டினேன். அவள் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நான் கடைசியா அனுப்புனது இதுதான். நூறு தடவை கேட்டுட்டேன். இதுல என்ன தப்பு? நீயே கேளு."

அதுவரை அதை அவள் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. காதில் வைத்தேன். சோர்ந்த குரலில் நீலா பேசினாள்: "கனி, எல்லாம் முடிஞ்சுதும்மா. நேத்தோட தலை முழுகியாச்சு. இனிமே இங்க ஒண்ணும் இல்ல. நீ கவலைப்படாம உன் வேலையப் பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னடி இது? பெத்த பொண்ணையா தலை முழுகுன?"

"யாருடி தலை முழுகுனா? அம்மை எறங்கி மூணாந்தண்ணி ஊத்திகிட்டதைச் சொன்னேன்."

"அம்மைங்கிற பேச்சே இதுல இல்லையே நீலா."

"அதான் அம்சம் முன்னாடியே சொல்லிட்டாளே. நான் படுத்திருக்கும்போதே கேட்டேன், கனிக்குச் சொல்லிட்டியான்னு. சொல்லியாச்சு அண்ணின்னா."

எங்கள் வீட்டில் அம்மை வந்தால் தண்ணீர் ஊற்றுகிற முறையெல்லாம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்த வார்த்தை என் காதில் ஒரே அர்த்தத்தில்தான் விழுந்தது. செத்தவரை எடுத்த பிறகு தலை முழுகுவார்கள். இருக்கும்போதே ஒருவரை வேண்டாமென்று ஒதுக்குகிறவரும், இனி நீ எனக்குச் செத்தவன் என்கிற கணக்கில் அதே வார்த்தையைத்தான் சொல்வார். கல்யாணப் பேச்சில் சண்டை, அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்காத போன், அதற்கப்புறம் இந்தக் குரல். கனி இருந்த இடத்தில் யார் இருந்தாலும் என்ன நினைத்திருப்பார்கள்?

நீலாவின் முகத்தில் அது மெதுவாக ஏறியது. எழுந்தாள். மழையோடு மழையாக அம்சம் வீட்டுக்கு நடந்தாள், நானும் கடையைப் பூட்டாமல் பின்னாலேயே ஓடினேன்.

அம்சம் அடுப்பில் உலை வைத்திருந்தாள். கேட்டதும் அவள் முகம் செத்துப்போனது.

"சொல்லலை அண்ணி. வீட்ல மாரியாத்தா இருக்கும்போது வெளியூருக்குச் சேதி விடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. நீங்க காய்ச்சல்ல கேட்டீங்க. இல்லன்னா எழுந்திரிச்சு உக்காந்துடுவீங்கன்னு சொல்லியாச்சுன்னுட்டேன். தண்ணி ஊத்துனப்புறம் நீங்களே பேசிடுவீங்கன்னு இருந்துட்டேன்."

நீலா அவளை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வாசலிலேயே, சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புள்ளை பாவம்டி கமரு. பெத்தவ தலை முழுகிட்டான்னு நெனைச்சுகிட்டே தாலி கட்டிக்கிட்டிருக்கா. யாரு பக்கத்துல நின்னிருப்பா அவளுக்கு?"

விஷயம் தெரிந்தால் பாரம் குறையும் என்பார்கள். பொய். அதுவரை அவள் தன்னை நினைத்து அழுதாள். அன்றிலிருந்து மகளை நினைத்து அழுதாள், அது இன்னும் மோசம். சொல்ல வேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது, சொல்லத்தான் வழியில்லை.

மறுநாள் கிழவர் புதுப்படம் போட்டிருந்தார். ஒரு பிளாட்பாரத்தின் ஓரத்தில் மஞ்சள் துப்பட்டாக்காரி ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். "கனிடி, கனி மாதிரியே நிக்கிறா" என்று நீலா படத்தை நிறுத்தினாள். பெரிதாக்கினால் முதுகு கலங்கிப்போனது. ஓடவிட்டால் அவள் திரும்புவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. நிறுத்தி, பின்னால் தள்ளி, ஓடவிட்டு, எத்தனை முறை பார்த்தாலும் அவள் திரும்பவில்லை.

"நம்மூரு மினி பஸ்ஸா இருந்தா பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டி, அண்ணே கொஞ்சம் நில்லுங்கன்னா நிப்பாட்டுவாரு" என்றாள் நீலா. "இதுல கெஞ்சக்கூட ஒரு ஆள் இல்லையேடி."

அவள் வாயால் அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. நல்ல வேளையாக ஒரு கல்யாணப் பார்ட்டி உள்ளே வந்தது. நான் அவர்களுக்கு அளவெடுக்கப் போனேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து போனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எதற்கும் மைக்கைத் தொட்டுப் பேசுவாள், போனே எழுதிக்கொள்ளும், வெள்ளெழுத்துக் கண்ணுக்கு எழுத்துகள் புலப்படாது.

"என்னடி செய்யறே?"

"கனி இந்தப் படத்தையெல்லாம் பாக்காம இருக்க மாட்டா. எம் மேல கோபம்னா ரயிலு மேலயுமா கோபம்? அதான் படத்துக்குக் கீழ சொல்லி வைக்கறேன். எல்லாப் படத்துக்கும் சொல்லிட்டேன், ராட்டினத்துக்கும்."

உலகம் முழுக்க லட்சம் பேர் பார்க்கிற இடம். கடலில் கரைத்த பெருங்காயம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "அந்த வெள்ளைக்காரரே எனக்குக் கும்பிடு போட்டிருக்காருடி, இன்னும் நெறைய பேரு போட்டிருக்காங்க" என்றாள். அழுகிற பொம்மைகூட யாரோ போட்டிருக்கிறார்களாம். நல்ல ஜனங்கள் என்றாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

மேலும் சில நாட்கள் போயின. தேடும்போதுகூட இப்போது அவளிடம் வேகம் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் கேட்டால் மட்டும், "இன்னும் பாக்கலை போலருக்கு" என்பாள். என்னிடம் சொல்லாமல் எங்காவது போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கடைக்கு வர அரைமணி தாமதமானால் ஆள் அனுப்பினேன்.

அன்று அவள் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள், சும்மா இருக்காதே என்று நான்தான் கொடுத்திருந்தேன். கடை போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். துணிக்கடை விளம்பரமாக இருக்கும் என்று எரிச்சலோடு எடுத்தேன்.

"கமரு அத்தை." மூச்சு வாங்குகிற குரல். "கனி பேசறேன். எப்ப அத்தை? எடுத்தாச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கனியா? எம்மா, எங்கம்மா இருக்க நீ? எதை எடுக்கணும்?"

"அம்மாவ. எடுத்துட்டாங்களா அத்தை? நான் ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிட்டேன். என் முகத்தைப் பாக்காம எடுத்துட்டாங்களா?"

நான் திரும்பி நீலாவைப் பார்த்தேன். ஊசி குத்திய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி எழுந்து நின்றாள். அவள் மடியிலிருந்து விழுந்த போனைக் குனிந்து எடுத்தேன். படத்துக்குக் கீழே அவள் சொல்லி வைத்திருந்ததை அப்போதுதான் படித்தேன். அம்மை எறங்கிருச்சு என்று அவள் சொன்னதை அந்தப் போன் தனக்குப் புரிந்தபடி எழுதியிருந்தது: கனி அம்மா இறந்துருச்சு தலைக்கு தண்ணி ஊத்தியாச்சு கமருன்னிஸா கடைக்கு பேசு.

அதற்குள் கடை போனை அவள் என் கையிலிருந்து பிடுங்கியிருந்தாள்.

"கனி."

இன்னொரு கையால் மறுகாதைப் பொத்திக்கொண்டாள்.

"கனி, நாந்தான்டி. அம்மாதான். எனக்கு ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்."

போனிலிருந்து ஒரு கத்தல் வந்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூச்சுவிடாமல் சொன்னாள். பங்குனியில் அம்மை போட்டது, போனைப் பெட்டியில் வைத்தது, மூன்று தண்ணீர் ஊற்றியது, தலை முழுகியது என்று எதைச் சொன்னாள் என்பது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள்.

பிறகு கனி கேட்டது என் காதிலும் விழுந்தது.

"உனக்கு அம்மை போட்டிருந்துச்சா? என்கிட்ட ஏம்மா யாரும் சொல்லல? நான் வந்திருப்பேனே."

இத்தனை மாதம் நீலா மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சில் இந்தக் கேள்வி இல்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் கனி விட்டுவிட்டு அழுதாள். நடுவில் ஒரு ஆண் குரல் ஏதோ சமாதானம் சொன்னது.

நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே படியில் நின்றேன். மழை விட்டிருந்தது. உள்ளே நீலா பேசுவது கேட்டது.

"போனை வச்சிடாத. அழுவுறதா இருந்தா அழுவு. எவ்ளோ நேரம் வேணும்னாலும் அழுவு. நான் கேட்டுகிட்டே இருக்கேன்."